வாலைப் பிடித்து, தலையைக் கிள்ளி

தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியில் சுமார் 12,000 லிட்டர் பிடிக்கும். தூள் உப்பில் ஒரே ஒரு துகளை அதில் போட்டுக் கலக்கினால், லிட்டருக்கு ஏறத்தாழ 5 நானோகிராம் உப்பு கூடியிருக்கும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் நானோகிராம். உப்பு என்பதால் யாருக்கும் கவலையில்லை. அதே எடையில் விழுந்தது பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருளாக இருந்தால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஏப்ரலில் குடிநீருக்கு வகுத்த வரம்பை அந்த லாரி தாண்டிவிட்டது என்று பொருள். வரம்பு, லிட்டருக்கு 4 நானோகிராம்.

இந்த அளவை மூலக்கூறுகளாக எண்ணிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். வரம்பில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் பி.எஃப்.ஓ.ஏ. மூலக்கூறுகள் கிட்டத்தட்ட ஆறு லட்சம் கோடி. கேட்கக் கூட்டமாகத் தெரிகிறது. ஆனால் அவற்றில் ஒவ்வொன்றையும் சூழ்ந்து நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகளும் ஏறத்தாழ ஆறு லட்சம் கோடி. அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து ஒன்றே ஒன்றைத் தேடிப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். இதைச் செய்து காட்டுகிறார்கள், அதுவும் தினமும் கோடிக்கணக்கான லிட்டரில்.

பி.எஃப்.ஓ.ஏ. ஒரு பெரிய குடும்பத்தின் உறுப்பினர். ஃபுளூரின் அணுக்கள் போர்த்திய கரிமச் சங்கிலி கொண்ட இந்தச் செயற்கைப் பொருள்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மொத்தமாக அவற்றை 'பிஃபாஸ்' என்கிறார்கள். மழைக்கோட்டில் நீர் ஒட்டாமலும், பலகாரம் வைக்கும் காகிதத்தில் எண்ணெய் ஊறாமலும் செய்தவை இவைதான். விமான எரிபொருள் தீப்பற்றினால் மேலே படர்ந்து அணைக்கும் நுரையிலும் இவை இருந்தன. குடும்பத்தின் தொடக்கம் ஒரு தற்செயல். 1938 ஏப்ரல் 6 அன்று நியூ ஜெர்சியின் டியூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை. எடை போட்டால் உருளை காலியாகவும் இல்லை. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள்; உள்ளே மெழுகு போல வழுக்கும் வெள்ளைத் தூள். அதுதான் டெஃப்லான். பிறகு டெஃப்லானைத் தயாரிக்கும்போது துணைப்பொருளாகச் சேர்க்கப்பட்டதுதான் பி.எஃப்.ஓ.ஏ.

இதன் உடலமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இனி வரும் எல்லா உத்திகளும் இதற்குள்தான் ஒளிந்திருக்கின்றன. எட்டுக் கரிம அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஏழின் மேல் 15 ஃபுளூரின் அணுக்கள் நெருக்கமாகப் போர்த்தியிருக்கின்றன; இது வால். எட்டாவது கரிமத்தோடு இரண்டு ஆக்ஸிஜன், இது தலை. தலை எதிர்மின் ஏற்றம் கொண்டது, தண்ணீரோடு சட்டென்று சேரும். வாலோ தண்ணீரோடும் சேராது, எண்ணெயோடும் சேராது. ஃபுளூரின் தன் எலக்ட்ரான்களை இறுக்கி வைத்துக்கொள்ளும் தனிமம். அண்டை மூலக்கூறு பற்றிக்கொள்ள அது எதையும் நீட்டுவதில்லை. கரிமத்தோடு அது போடும் முடிச்சை அவிழ்க்க, இரண்டு கரிமங்களுக்கு இடையிலான முடிச்சை அவிழ்ப்பதைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு ஆற்றல் வேண்டும். கரிம வேதியியலில் இதைவிட வலுவான ஒற்றைப் பிணைப்பு இல்லை. இயற்கை இந்த முடிச்சைப் போட்டதே அபூர்வம். தென்னாப்பிரிக்காவில் மாடுகளைக் கொல்லும் ஒரு நச்சுச் செடி போன்ற சில உயிர்களில் மட்டும் உண்டு. அதனால் குப்பையைத் தின்று மண்ணாக்கும் பாக்டீரியாக்களுக்கு இதை அவிழ்த்துப் பழக்கமில்லை.

உடலுக்குள் போனாலும் இதே கதைதான். மனித ரத்தத்தில் பி.எஃப்.ஓ.ஏ. பாதியாகக் குறையவே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மேற்கு வெர்ஜினியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே ஆலைக் கழிவு குடிநீரில் கலந்த வழக்கின் விளைவாக, சுமார் 69,000 பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டது. சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண், கர்ப்பகால ரத்த அழுத்தம், மிகை கொழுப்பு ஆகிய ஆறோடும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று அறிவியல் குழு சொன்னது. ஒரு துகள் உப்பின் எடைக்கு இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு இந்த மக்களின் ரத்தம்தான் பதில்.

பிடிப்பதற்கு முன் அளக்க வேண்டும். அதுவே ஒரு நுட்பம். தண்ணீர் மாதிரி எடுக்கப் போகிறவர்கள் நீர்புகாத மேலங்கியைத் தவிர்க்கிறார்கள். புட்டி மூடியில் டெஃப்லான் பூச்சு இருக்கக் கூடாது. ஆற்றில் இல்லாத பிஃபாஸ், எடுக்கிறவர் சட்டையிலிருந்து புட்டிக்குள் விழுந்துவிடலாம்.

வட கரோலினாவின் வில்மிங்டன் நகரம் கேப் ஃபியர் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறது. ஆற்றின் மேல்பகுதியில் ஒரு ஃபுளூரின் வேதிப்பொருள் ஆலை. 2017 ஜூனில், ஜென்எக்ஸ் என்ற பிஃபாஸ் குழாய்த் தண்ணீர் வரை வந்திருப்பதை உள்ளூர் நாளிதழ் வெளியிட்டது. ஸ்வீனி என்ற அந்த ஊர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றும் பழங்காலத்தது அல்ல. அங்கே ஓசோன் உண்டு, நுண்ணுயிர் வடிகட்டி உண்டு. இரண்டுக்கும் ஜென்எக்ஸ் அசையவில்லை. 2022 அக்டோபரில் அதே வளாகத்தில் எட்டு ராட்சதத் தொட்டிகள் இயங்கத் தொடங்கின. தொட்டிகளுக்குள் இருப்பது மிகப் பழைய பொருள்: கரி.

அடுப்புக்கரி அல்ல, செயலூட்டப்பட்ட கரி. நிலக்கரியையோ மரத்தையோ தேங்காய்ச் சிரட்டையையோ காற்றில்லாமல் சுட்டு, பிறகு 900 டிகிரி அளவில் நீராவியைப் பாய்ச்சுவார்கள். நீராவி கரிம அணுக்களை ஒன்றிரண்டாக அரித்து உள்ளே எண்ணற்ற துளைகளைக் குடைகிறது. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்திலும் இலங்கையிலும் சிரட்டை சுடுகிற தொழில் இந்தக் கரிக்குத்தான் மூலப்பொருள் தருகிறது. துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் ஒரு கிராம் கரி ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது நாலரை கிரவுண்டு. ஸ்வீனியின் எட்டுத் தொட்டிகளிலும் சேர்த்து சுமார் 1,360 டன் கரி. அதன் உட்பரப்பைக் கணக்குப் போட்டால் பதின்மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஒரு வளாகத்துக்குள் பத்துத் தமிழ்நாடுகள்.

தண்ணீர் இந்தப் பரப்பின் ஊடாகச் சில நிமிடங்கள் நடந்து போகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பவை; ஃபுளூரின் வால் இடையில் கிடந்தால் அந்தக் கோப்பு கலைகிறது. ஆகவே வாலை ஓரங்கட்டிவிடவே அவை முயல்கின்றன. ஓரத்தில் கரிச்சுவர் கிடைத்ததும் வால் அதில் படிந்துகொள்கிறது. பொருள் உள்ளே ஊறாமல் பரப்பில் மட்டும் ஒட்டும் இந்த நிகழ்வுக்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். யோசித்தால் வியப்பாக இருக்கிறது: எதிலும் ஒட்டாமல் இருப்பதற்காகவே விலைபோன வால், ஒட்டிக்கொண்டு மாட்டுகிறது.

ஆனால் ஆற்றில் இலை தழை அழுகிய கரிமப் பொருளும் கலந்திருக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று வைத்தாலும் அது வரம்பிலுள்ள பி.எஃப்.ஓ.ஏ.வைப் போல இரண்டரை லட்சம் மடங்கு. அதுவும் இடம் பிடிக்கிறது. நெரிசல் கூடும்போது ஒரு விசித்திரம் நடக்கும். நீண்ட வால் கொண்ட மூலக்கூறு வந்து, ஏற்கெனவே ஒட்டியிருக்கும் குட்டை வாலைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கிளப்பப்பட்டது தண்ணீரில் இறங்கிவிடும். கரியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், தொட்டிக்குள் நுழைந்ததைவிட வெளியேறும் தண்ணீரில் குட்டை வால் பிஃபாஸ் அதிகமாக இருக்கும் நாளும் வரும். இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட ஜென்எக்ஸின் வால் குட்டை. உடலிலிருந்து விரைவில் வெளியேறும் என்பது அதன் பெருமை. தண்ணீரிலிருந்து வெளியேற்றுவது கடினம் என்பது அதன் மறுபக்கம்.

வால் வழுக்கினால் தலையைப் பிடிக்கலாம். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் நிலத்தடி நீரை இப்படித்தான் சுத்தம் செய்கிறார்கள். யோர்பா லிண்டாவில் 2021 டிசம்பரில் திறந்த நிலையத்தால் நாளொன்றுக்கு 9 கோடி லிட்டருக்கு மேல் வடிக்க முடியும். உயரமான எஃகுத் தொட்டிகளுக்குள் கடுகைவிடச் சிறிய பிசின் மணிகள். ஒவ்வொரு மணியின் உடலெங்கும் நேர்மின் முனைகள் பதிந்திருக்கின்றன; தொடக்கத்தில் ஒவ்வொரு முனையிலும் ஒரு குளோரைடு, அதாவது சாதாரண உப்பில் இருக்கும் எதிர்மின் அயனி. எதிர்மின் தலையோடு பிஃபாஸ் வரும்போது முனை குளோரைடை விட்டுவிட்டுத் தலையைப் பற்றுகிறது. மணியின் உடல் பாலிஸ்டைரீனால் ஆனது, தண்ணீருக்கு ஒதுங்குவது. ஆகவே வாலும் அங்கே சாய்ந்துகொள்கிறது. இருபுறமும் பிடி. இந்த அயனிப் பரிமாற்றத்துக்கு இரண்டு மூன்று நிமிடமே போதும், கரிக்குப் பத்து நிமிடம் போல வேண்டும். தொட்டிகளை இரண்டிரண்டாகத் தொடர்ந்து வைக்கிறார்கள். முதல் தொட்டி நிறைந்து கசியத் தொடங்கினாலும் இரண்டாவது காவல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மாதிரி எடுத்துப் பார்த்தால் மாற்றும் நாள் தெரிந்துவிடும்.

வீட்டு ஆர்.ஓ. என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றும். நன்றாகவே செய்யும். அழுத்தம் கொடுத்து நுண்சவ்வின் ஊடாகத் தண்ணீரைப் பிழியும்போது பிஃபாஸின் பெரும்பகுதி இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. ஆனால் நின்றது கழிவுக்குழாய் வழியே சாக்கடைக்குத்தான் போகிறது. கொதிக்க வைப்பது வீண். தண்ணீர் ஆவியாகும், பிஃபாஸ் பாத்திரத்திலேயே கூடுதல் அடர்த்தியோடு இருக்கும்.

இங்கேதான் விஷயத்தின் மையம். கரியும் பிசினும் சவ்வும் பிஃபாஸை இடம் மாற்றுகின்றன, அவ்வளவே. அதை ஒழிக்க முடிச்சுகளை அறுக்க வேண்டும். அறுக்க வெப்பமோ மின்சாரமோ வேண்டும். ஒரு கணக்கு: லிட்டருக்கு 100 நானோகிராம் வீதம் பத்துக் கோடி லிட்டரில் இருக்கும் பிஃபாஸ் மொத்தம் 10 கிராம். பத்து கிராமை அறுக்கப் பத்துக் கோடி லிட்டரையும் சூடாக்க எந்த ஊராலும் முடியாது. முதலில் அந்தப் பத்து கிராமை ஒரு வாளிக்குள் ஒடுக்க வேண்டும்.

ஒடுக்குவதற்கு எனக்கு மிகவும் பிடித்த வழி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஓக்கி என்ற ஊரில் கையாளப்பட்டது. அங்கே ராணுவ விமானத் தளத்தில் பல காலம் பயன்படுத்திய தீயணைப்பு நுரை நிலத்தடி நீருக்குள் இறங்கிவிட்டது. 2019இல் அங்கே ஒரு நிலையம் அமைத்தார்கள். நெடிய குழாய்க்குள் தண்ணீர். அடியிலிருந்து பொடிப்பொடியான காற்றுக் குமிழிகள். சேர்ப்பது காற்று மட்டும்தான். ஒவ்வொரு குமிழியும் தண்ணீருக்கு நடுவே ஒரு சிறு காற்றறை. தலையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு வாலைக் காற்றுக்குள் நீட்டிக்கொள்ள இதைவிட வசதியான இடம் பிஃபாஸுக்கு வேறில்லை. குமிழியைச் சுற்றி வரிசையாக ஒட்டிக்கொண்டு அவை மேலே வருகின்றன, உச்சியில் நுரையாகின்றன. நுரையை உறிஞ்சி எடுத்து, அதையே மறுபடி குமிழியிட்டு, அந்த நுரையையும் உறிஞ்சுகிறார்கள். சுற்றுக்குச் சுற்று அளவு சுருங்குகிறது, செறிவு ஏறுகிறது. நுரைப் பிரிப்பு என்று இதைச் சொல்லலாம். தீயின் மேல் நுரையாக நிற்பதற்காக உருவாக்கிய மூலக்கூறை நுரையாலேயே மேலே வரவழைக்கிறார்கள். குட்டை வால்கள் மட்டும் இதிலும் பின்தங்கிவிடுகின்றன.

வாளிக்குள் வந்ததை என்ன செய்வது? எரிக்கலாம். ஆனால் சூடு குறைந்தால் சங்கிலி பாதியில் அறுந்து சிறு ஃபுளூரின் வாயுக்கள் புகைபோக்கி வழியே தப்பிவிடும். ஒரு கரிமமும் நான்கு ஃபுளூரினும் கொண்ட மிகச் சிறியதைச் சிதைக்க 1,400 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். மாற்றாக ஒரு வழி, தண்ணீரையே அடுப்பாக்குவது. 374 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 220 மடங்கு அழுத்தினால் தண்ணீர் திரவமும் அல்லாத, ஆவியும் அல்லாத ஒரு நிலைக்குப் போகிறது. மாறுநிலை கடந்த நீர் என்போம். அதில் எண்ணெய் கரையும், ஆக்ஸிஜன் தாராளமாகக் கரையும், உப்பு கரையாமல் படியும்; தண்ணீரின் குணமெல்லாம் தலைகீழ். அதற்குள் விழுந்த பிஃபாஸ் நொடிகளில் ஆக்ஸிஜனேற்றமாகி உதிர்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தில் முளைத்த ஒரு நிறுவனம் 374 என்ற எண்ணையே தன் பெயரில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இடைஞ்சல்கள் உண்டு. அறுந்த ஃபுளூரின் அமிலமாகி எஃகை அரிக்கும், படிந்த உப்பு குழாயை அடைக்கும்.

இத்தனை மூர்க்கம் தேவைதானா என்று கேட்டவர்கள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிக்டெலும் அவருடைய ஆய்வு மாணவி பிரிட்டனி டிராங்கும். 2022 ஆகஸ்டில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது அவர்களின் விடை. கவசம் பூண்ட வாலைத் தாக்காதே, கவசமில்லாத தலையைக் கிள்ளு. டி.எம்.எஸ்.ஓ. என்பது ஆய்வகங்களில் சாதாரணமாகப் புழங்கும் கரைப்பான். அதில் பி.எஃப்.ஓ.ஏ.வைப் போட்டுச் சூடாக்கினால் தலை கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடுகிறது. வெறும் தண்ணீரில் இது நடந்திருந்தால் அறுந்த முனை உடனே தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி மூடிக்கொண்டிருக்கும். இந்தக் கரைப்பான் அதற்கு இடம் தருவதில்லை. திறந்த முனை நிலைகொள்ளாமல் தன் மேல் இருக்கும் ஃபுளூரினையே உதறத் தொடங்குகிறது. கலவையில் சோப்புத் தொழிலுக்கு வாங்கும் அதே காஸ்டிக் சோடாவும் இருக்கிறது. அது உள்ளே புகுந்து சங்கிலியைத் துண்டாடுகிறது. கரிமங்கள் ஒவ்வொன்றாகக் கழலும் என்று நினைத்திருந்தார்கள். கென்டல் ஹௌக் குழுவின் கணினிக் கணக்குகள், இரண்டு மூன்றாகக் கழல்கின்றன என்று காட்டின. இதற்கெல்லாம் ஆன வெப்பம் 80 முதல் 120 டிகிரி. பிரஷர் குக்கருக்குள் இருக்கும் சூடு அவ்வளவுதான். ஒரு குறை: தலையில் கந்தகம் உள்ள பி.எஃப்.ஓ.எஸ். போன்றவற்றிடம் இந்த முறை செல்லாது, அந்தத் தலை இப்படிக் கழலாது.

ஒழித்துவிட்டோம் என்று எப்படி நிச்சயம் செய்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பி.எஃப்.ஓ.ஏ. கருவியில் தெரியவில்லை என்றால் போதாது. ஆறு கரிமச் சங்கிலியாக உருமாறி நின்றிருக்கலாம். ஆகவே ஃபுளூரினை எண்ணுகிறார்கள். மூலக்கூறு ஒன்றுக்குப் பதினைந்து ஃபுளூரின் உள்ளே போனது. தனித்த ஃபுளூரைடாக எத்தனை வெளியே வந்தது? வராத கணக்கு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

அந்த ஃபுளூரைடு நமக்குப் புதிதல்ல. பற்பசையில் இருப்பது அது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் மிகுந்து பல்லைக் கறைப்படுத்துவதும் அதுதான். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை அதை ஏற்கிறது. பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு அமெரிக்கா வகுத்த வரம்பைவிட இது மூன்றே முக்கால் லட்சம் மடங்கு. தனிமம் ஒன்றுதான், கரிமத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறதா, தனியே இருக்கிறதா என்பதில்தான் இவ்வளவு வேறுபாடு. தனித்த ஃபுளூரைடில் சுண்ணாம்பைச் சேர்த்தால் கால்சியம் ஃபுளூரைடு படிகிறது. ஃபுளூர்ஸ்பார் என்ற பெயரில் சுரங்கத்திலிருந்து வெட்டும் கனிமம் அதுவே, உலகின் ஃபுளூரின் வேதிப்பொருள்களுக்கெல்லாம் மூலம். ஆக்ஸ்ஃபோர்டில் வெரோனிக் கூவர்னர் குழுவினர் 2025இல் ஒரு படி மேலே போனார்கள். பிஃபாஸையும் பொட்டாசியம் பாஸ்ஃபேட் உப்பையும் உருண்டைகள் உருளும் ஆலையில் போட்டு அரைத்து, ஃபுளூரைடைப் பிரித்து, தொழிலுக்குத் திரும்பத் தர முடியும் என்று காட்டினார்கள்.

எல்லா முறைகளுக்கும் கடைசிச் சோதனையாக ஒன்று நிற்கிறது. ட்ரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம்: கரிமம் இரண்டே, ஃபுளூரின் மூன்றே. புதிய கார்களின் குளிர்சாதன வாயு காற்றில் சிதைந்தால் இதுவாகி மழையோடு இறங்குகிறது. கரி பற்றவும், குமிழி ஏற்றிக்கொள்ளவும் அதற்கு வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பிசின் பிடிக்கிறது, ஆனால் விரைவில் நிறைந்துவிடுகிறது. நுண்சவ்வு நன்றாகவே தடுக்கிறது, தடுத்ததைக் கழிவுநீரில் விடுகிறது. அந்தக் கழிவுநீரிலிருந்து அதைச் செலவு கட்டுப்படியாகும்படி ஒடுக்கும் வழியைத்தான் இப்போது தேடுகிறார்கள்.